பயிற்சி நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை

பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம். கூட்ட அரங்கில் புரொஜெக்டர், வெளியிலிருந்து வந்த கருத்தாளர், நடுவில் தேநீர், சாயங்காலம் ஒரு கருத்துப் படிவம், ஆளுக்கொரு சான்றிதழ். படிவத்தில் பெரும்பாலோர் ‘மிகவும் பயனுள்ளதாக இருந்தது’ என்று எழுதுவார்கள். பொய்யில்லை, அன்றைக்கு அப்படித்தான் இருந்திருக்கும். அடுத்த திங்கட்கிழமை முதல் பாடவேளையில் அதே ஆசிரியர் போன வருஷம் எடுத்த மாதிரியே பாடம் எடுப்பார். சோம்பலோ பிடிவாதமோ காரணமில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கும்போது, வாரக்கணக்கில் பழகியதுதான் கைக்கு வரும். ஒரு நாள் காதில் விழுந்தது வராது.

ஆகவே ஊழியர்களின் கற்றலைத் திட்டமிடுவது என்றால் அந்த ஒரு நாளுக்குப் பின்னால் வரும் முப்பது சொச்சம் வாரங்களைத் திட்டமிடுவது. நல்ல கருத்தாளரைத் தேடி அலைவதை விட, கால அட்டவணை போடுகிறவரோடு இரண்டு மணி நேரம் உட்காருவது அதிகப் பலன் தரும். பயிற்சித் திட்டம் என்ற பெயரில் பல பள்ளிகளில் இருப்பது தேதிகளும் தலைப்புகளும் கொண்ட ஒரு பக்கம். அந்தத் தேதிகளுக்கு இடையில் யார், எந்தப் பாடவேளையில், எதைச் செய்து பார்க்கப் போகிறார்கள் என்பது அதில் இருக்காது.

2007இல் அமெரிக்காவில் யூன் தலைமையிலான குழு ஒன்று ஆசிரியர் பயிற்சி பற்றிய 1,300க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசியது. தரச் சோதனையில் தேறியவை ஒன்பதுதான். அந்த ஒன்பதில், 14 மணி நேரத்துக்கு மேல் நீண்ட பயிற்சிகளில் மாணவர் கற்றல் தெளிவாக உயர்ந்தது. குறுகியவற்றில் அப்படி உயரவில்லை. ஒன்பது ஆய்வை வைத்துக்கொண்டு 14ஐ மந்திர எண்ணாக்குவது தப்பு. இரண்டு நாள் தொடர்ந்து உட்கார வைத்தாலும் 14 மணி நேரம் ஆகிவிடும், அதனால் ஒன்றும் நடக்காது. ஆனால் கணக்குப் போட ஒரு தொடக்கம் வேண்டுமென்றால் இந்த எண் உதவும். அதைக் கால அட்டவணைக்குள் எப்படிப் பொருத்துவது என்று பின்னால் வருகிறேன்.

அதற்கு முன், எதைக் கற்பது? வழக்கமாக ஒரு படிவம் சுற்றுக்கு வரும்: ‘உங்களுக்கு எந்தத் தலைப்பில் பயிற்சி வேண்டும்?’ வரும் பதில்களும் தெரிந்தவைதான். வகுப்பறை மேலாண்மை, செயற்கை நுண்ணறிவு, மன அழுத்தம். ஆசைகளைக் கேட்பதில் குற்றமில்லை. ஆனால் தேவை விடைத்தாளில்தான் இருக்கிறது.

கடைசியாக நடந்த தேர்விலிருந்து ஒரே ஒரு வினாவை எடுங்கள். ஒரு வரி விடை வேண்டாம், ‘ஏன்’, ‘விளக்குக’ என்று கேட்கும் வினாவாக இருக்கட்டும். அதிக மதிப்பெண், நடுத்தரம், குறைவு என்று பத்துப் பத்தாக 30 விடைத்தாள்கள். அந்தப் பாடம் நடத்தும் மூன்று நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, மதிப்பெண்ணை மறைத்துவிட்டு, பிழையின் வகைப்படி அடுக்க வேண்டும். வினாவே புரியாதவை ஓர் அடுக்கு. கருத்தைத் தவறாகப் புரிந்துகொண்டவை ஓர் அடுக்கு. கருத்து தெரிந்தும் அதை வாக்கியமாக எழுத வராதவை ஓர் அடுக்கு. தொடாமலே விட்டவை ஓர் அடுக்கு. ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை.

மூன்றாவது அடுக்குதான் உயரமாக இருக்கிறது என்று வையுங்கள். அப்போது பாடப்பொருளை மேலும் தெளிவாக விளக்குவது எப்படி என்ற பயிற்சி வீண்செலவு. காரணத்தை முதலில் வாயால் சொல்ல வைத்து, பிறகு எழுத வைக்கும் பழக்கம்தான் ஆசிரியர்களுக்கு வேண்டியது. அறிவியலிலும் சமூக அறிவியலிலும் மொழிப்பாடத்திலும் அதே அடுக்கு உயர்ந்தால் அதைப் பள்ளி முழுவதற்குமான இலக்காக வைக்கலாம். கணக்கில் மட்டும் என்றால் அது கணக்கு ஆசிரியர்களின் இலக்கு. அதற்காக ஓவிய ஆசிரியரையும் உடற்கல்வி ஆசிரியரையும் அரங்கில் உட்கார வைக்கத் தேவையில்லை.

இங்கேயே இன்னொரு வடிகட்டல். எல்லாக் குறையும் பயிற்சியால் தீராது. ஆய்வகத்தில் செய்முறை நடப்பதில்லை என்றால் ‘செய்முறை வழிக் கற்பித்தல்’ பயிலரங்கு நடத்துவதற்கு முன், ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது, அதை வாங்க எத்தனை கையெழுத்து வேண்டும், ஒரு பாடவேளையில் கருவிகளை எடுத்து வைக்க நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். தெரியாததைக் கற்றுக்கொடுக்கலாம். தெரிந்தும் வழக்கமாகாததற்கு ஒத்திகை தரலாம். செய்யவே முடியாதபடி இருப்பதை நிர்வாகம்தான் சரிசெய்ய வேண்டும். மூன்றாவதை முதலாவதாக நினைத்துப் பயிற்சி கொடுத்தால் ஆசிரியர்கள் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்கள்.

எத்தனை இலக்கு? பள்ளி முழுவதற்கும் ஆண்டுக்கு ஒன்று, துறைவாரியாக இன்னொன்று. அதற்கு மேல் கூடாது என்பது என் கட்சி. இலக்கு ஐந்தாகப் பெருகினால் தலைமையாசிரியரின் அறிக்கை அழகாக இருக்கும், வகுப்பில் ஒன்றும் பிடிக்காது. புதியதை ஏற்றும்போது பழையதில் எதை இறக்குகிறோம் என்றும் அதே காகிதத்தில் எழுத வேண்டும். வாராந்திரக் கூட்டத்தில் அறிவிப்புகளை வாசிப்பதற்கே அரை மணி போகிறதா? அவற்றைச் சுற்றறிக்கையாக அனுப்புங்கள். ஒரே தகவலை இரண்டு பதிவேட்டில் எழுதச் சொல்கிறோமா? ஒன்றை நிறுத்துங்கள். எதையும் இறக்காமல் சேர்த்துக்கொண்டே போகும் திட்டம் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே படுத்துவிடும்.

கருத்தாளரை அழைப்பதாக இருந்தால் அவருடைய ஸ்லைடுகளை ஒரு வாரம் முன்னதாக வாங்கிப் பாருங்கள். ‘கேட்டால் இத்தனை சதவீதம் நினைவில் நிற்கும், செய்தால் 90 சதவீதம் நிற்கும்’ என்று ஒரு பிரமிடு படம் இருந்தால் உஷாராகிவிடுங்கள். அந்த எண்களுக்குப் பின்னால் நம்பத்தகுந்த ஆய்வு இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிரித்து அதற்கேற்பப் பாடம் நடத்தச் சொல்லும் பகுதியும் அப்படியே. 2008இல் பாஷ்லரும் சக உளவியலாளர்களும் இதைச் சல்லடை போட்டுப் பார்த்தார்கள். பிரிவுக்கேற்ற கற்பித்தல் கூடுதல் பலன் தருகிறது என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. இந்த இரண்டும் இருக்கிற ஸ்லைடில் மற்றதையும் யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள் என்று கொள்ளலாம்.

அடுத்தது, இலக்கை நாளைக் காலை செய்யக்கூடிய அளவுக்கு உடைப்பது. ‘மாணவர் பங்கேற்பை அதிகரித்தல்’ என்பதை யாரும் ஒத்திகை பார்க்க முடியாது. ‘வினா கேட்ட பிறகு மூன்று விநாடி காத்திருத்தல்’ என்றால் பார்க்கலாம்.

இந்த மூன்று விநாடிக்கு ஒரு வரலாறு உண்டு. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து 1970களில் எழுதினார். வினா கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, தாமாக முன்வந்து சொல்பவர்கள் கூடினார்கள், பதிலே வராமல் போவது குறைந்தது. காத்திருக்கும் இடம் இரண்டு என்பதையும் அவர் பிரித்துக் காட்டினார்: வினாவுக்குப் பிறகு ஒன்று, மாணவர் பதில் சொல்லி முடித்த பிறகு ஒன்று. இரண்டாவது இடம்தான் பலருக்கும் தெரியாது.

இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் செய்ய வருவதற்கு ஒத்திகை வேண்டும், அதற்கு அரை மணி. நான்கு பேர் கொண்ட குழு. ஒருவர் ஆசிரியர், இருவர் மாணவர், ஒருவர் கைபேசியில் ஸ்டாப்வாட்ச். ஒவ்வொருவரும் மறுநாள் வகுப்பில் கேட்கப் போகும் மூன்று வினாக்களை எழுதிக் கொண்டுவந்திருக்க வேண்டும், கற்பனை வினா கூடாது. நான்கு நிமிடம் நடத்துகிறார். ஸ்டாப்வாட்ச் வைத்திருப்பவர் ஒரு நிமிடத்தில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்கிறார். உடனே இன்னொரு இரண்டு நிமிடம், அந்த ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி நடத்துகிறார். ஆளுக்கு ஏழு நிமிடம், நான்கு பேருக்கு 28. இந்த ‘உடனே மறுபடி’ என்பதை யாரும் வெட்டிவிடக் கூடாது. நேரமில்லை என்று பின்னூட்டத்தோடு நிறுத்தினால், திருத்திக்கொண்டு செய்த அனுபவம் ஒருவருக்கும் கிடைக்காமல் போகும்.

என்னென்ன தவறும் என்பதும் முன்கூட்டியே தெரியும், அதையும் திட்டத்தில் எழுதி வைக்கலாம். மௌனம் தாங்காமல் அதே வினாவை வேறு சொற்களில் இரண்டாம் முறை கேட்பார்கள். பிள்ளைகளுக்கு அது புது வினா, யோசித்துக்கொண்டிருந்ததை விட்டுவிடுவார்கள். அடுத்தது, “கவிதா, இலை ஏன் பச்சையாக இருக்கிறது?” என்று பெயரை முதலில் சொல்வது. பெயர் விழுந்த கணமே மற்ற 39 பேருக்கும் ஓய்வு. வினா, மூன்று விநாடி, பிறகு பெயர் என்ற வரிசைதான் வேலை செய்யும். பிள்ளை சொன்ன பதிலையே ஆசிரியர் உரக்கத் திரும்பச் சொல்வது இன்னொன்று, இரண்டாவது காத்திருப்பை அது தின்றுவிடும். பிறகு, காத்திருக்கத் தகுதியில்லாத வினாக்கள். ஒரு சொல்லில் பதில் வரும் வினாவுக்கு மூன்று விநாடி நின்றால் வகுப்பு கொட்டாவி விடும். இந்தச் சிக்கல் தலைதூக்கும்போது சலித்துக்கொள்ள வேண்டாம். அடுத்த சுற்றின் தலைப்பு கிடைத்துவிட்டது: யோசிக்க வைக்கும் வினாக்களை முன்கூட்டியே எழுதுவது.

இங்கிலாந்தின் எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் என்ற கல்வி ஆய்வு அறக்கட்டளை 2021இல் வெளியிட்ட வழிகாட்டி, பயிற்சிக்குள் இருக்க வேண்டிய 14 அம்சங்களை நான்கு குவியலாகப் பிரிக்கிறது: அறிவைக் கட்டுவது, ஊக்கம் தருவது, உத்தியைப் பழக்குவது, வழக்கமாக்குவது. எந்தப் பள்ளியின் பயிற்சித் திட்டத்தையும் எடுத்து இந்த நான்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாவது தாராளமாக இருக்கும். இரண்டாவது ஓரளவு. மூன்றாவதில் செய்து காட்டல் இருந்தால் ஒத்திகை இருக்காது. நான்காவது காலி. அதில் வருபவை சின்னச் சின்ன விஷயங்கள்தான்: நினைவூட்டும் குறிப்பு, எந்த வகுப்பில் எப்போது செய்வேன் என்று எழுதிய திட்டம், தன்னைத் தானே கணக்கெடுப்பது, தன் வகுப்பிலேயே திரும்பத் திரும்பச் செய்வது. பாடக்குறிப்பு ஏட்டின் ஓரத்தில் வினாவுக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி வைத்துக்கொண்டால் அதுவே நினைவூட்டல். செலவு கிடையாது, ஆனால் யாராவது அதைச் சொல்லித் தர வேண்டும்.

இப்போது கால அட்டவணை. ஆறு வாரத்தை ஒரு சுற்றாக வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். முதல் வாரம் 60 நிமிடம்: ஏன், எப்படி, ஒரு மாதிரி வகுப்பைச் செய்து காட்டுவது அல்லது காணொளி. இரண்டாம் வாரம் 30 நிமிட ஒத்திகை. இரண்டிலிருந்து நான்காம் வாரம் வரை வகுப்பில் செய்து பார்ப்பது. அதற்குள் ஒவ்வொருவரும் ஒரு சக ஆசிரியரின் வகுப்புக்கு இரண்டு முறை, தலா 15 நிமிடம் போய்ப் பார்த்துவிட்டு 10 நிமிடம் பேசுவது. நான்காம் வாரம் இன்னொரு 30 நிமிட ஒத்திகை, இந்த முறை தடுமாறிய இடத்தை மட்டும். ஐந்தாம் வாரம் 60 நிமிடக் கூட்டம், கையில் சான்றோடு: மாணவர் நோட்டு, தான் எடுத்த கணக்கு, மூன்று நிமிட ஒலிப்பதிவு, ஏதாவது ஒன்று. ஆறாம் வாரம் காலி.

கூட்டிப் பாருங்கள்: 60, 30, 30, 60, வகுப்புப் பார்வைக்கு 30, பேச்சுக்கு 20. மொத்தம் 230 நிமிடம். ஆண்டுக்கு நான்கு சுற்று என்றால் 920 நிமிடம், அதாவது 15 மணி 20 நிமிடம். மேலே சொன்ன 14ஐத் தாண்டிவிட்டோம், அதுவும் முழுநாள் பயிற்சி ஒன்றுகூட வைக்காமல். நான்கு சுற்றுக்கு 24 வாரம்தான் தேவை. மிச்சம் தேர்வு, விளையாட்டு விழா, ஆண்டு விழா, மழை விடுமுறைக்குப் போகட்டும். ஆறாம் வாரத்தைக் காலியாக விடுவது சோம்பேறித்தனம் இல்லை. ஏதாவது ஒரு வாரம் நிச்சயம் கைவிட்டுப் போகும், அதை ஈடுகட்டத்தான் அது. அந்த இடைவெளி இல்லாத திட்டங்களில் முதலில் பலியாவது இரண்டாவது ஒத்திகை.

வகுப்புப் பார்வைக்கு ஆள் எங்கே என்ற கேள்வி உடனே வரும். 48 ஆசிரியர் உள்ள பள்ளி என்று கொள்வோம். ஆளுக்கு இரண்டு பார்வை, ஆக 96. ஒரு மாற்று ஆசிரியர் 40 நிமிடப் பாடவேளையில் இரண்டு பேரை 15 நிமிடம் வீதம் விடுவிக்கலாம், மிச்சப் பத்து நிமிடம் நடப்பதற்கு. எனவே 48 பாடவேளை. மூன்று வாரத்தில் 15 வேலைநாள். நாளுக்கு மூன்றோ நான்கோ பாடவேளைதான். ஒவ்வொருவரும் ஒரு பார்வையைத் தன் ஓய்வுப் பாடவேளையில் செய்ய ஒப்புக்கொண்டால் இதுவும் பாதியாகும். ஆனால் ஓய்வுப் பாடவேளை என்பது நோட்டு திருத்தும் நேரம். அதை எடுத்துக்கொண்டால் அந்த வாரம் திருத்த வேண்டிய நோட்டில் ஒரு பங்கைக் குறைத்துக் கொடுங்கள். கொடுக்காமல் எடுத்துக்கொண்டே போனால் மூன்றாவது சுற்றில் எல்லோருக்கும் ‘வேலை இருக்கும்’. தலைமையாசிரியரும் துணைத் தலைமையாசிரியரும் நாளுக்கு ஒரு பாடவேளை மாற்று ஆசிரியராக நின்றால் இரண்டு பலன்: ஆள் பஞ்சம் தீரும், இந்த வேலையை மேலிடம் மதிக்கிறது என்பதும் சொல்லாமலே விளங்கும்.

பார்வையாளர் என்ன எழுத வேண்டும் என்பதை முன்னமே முடிவு செய்யாவிட்டால் 15 நிமிடமும் மரியாதைச் சடங்காகிவிடும். ‘வகுப்பு கலகலப்பாக இருந்தது, கரும்பலகைப் பயன்பாடு நன்று’ என்பது பின்னூட்டமே இல்லை. அரைப்பக்கத் தாளில் மூன்று நிரல் போதும்: கேட்ட வினா, காத்திருந்த விநாடி, பதில் சொன்னவர் தாமாகக் கை தூக்கினாரா அழைக்கப்பட்டாரா. 15 நிமிடத்தில் பத்துப் பன்னிரண்டு வரி சேரும். பேச்சு அந்தத் தாளைச் சுற்றியே நடக்கட்டும். முதலில் பாடம் எடுத்தவர் தாளைப் பார்த்து தனக்குத் தெரிவதைச் சொல்ல வேண்டும். பிறகு பார்த்தவர் ஒரே ஒரு இடத்தைச் சுட்ட வேண்டும். கடைசி இரண்டு நிமிடம், அடுத்த வகுப்பில் எந்த வினாவில் இதை மாற்றிச் செய்வார் என்று எழுதிக்கொள்வது. தேதியும் பாடவேளையும் போட்டு எழுதினால் நடக்கும், ‘இனிமேல் கவனிக்கிறேன்’ என்றால் நடக்காது.

அந்தத் தாள் பாடம் எடுத்தவரிடமே இருக்க வேண்டும். அலுவலகக் கோப்புக்குப் போகக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பேன். ஆண்டு மதிப்பீட்டுக்கான வகுப்பு நோக்கு வேறு, கற்றலுக்கான பார்வை வேறு. இரண்டும் ஒரே படிவத்தில் கலந்தால் ஆசிரியர் தனக்கு வராததைச் செய்து பார்க்க மாட்டார், நன்றாக வருகிற பாடத்தை எடுத்து வைத்துக் காட்டுவார். காட்சி பிரமாதமாக இருக்கும், கற்றல் பூஜ்ஜியம். சாட்சிக்குப் புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்வதும் இதே நோய்தான். காத்திருந்த மூன்று விநாடியைப் படம் பிடிக்க முடியாது. படம் பிடிக்க முடிகிறதைத்தான் பிறகு எல்லோரும் செய்யத் தொடங்குவார்கள்.

வகுப்பறைக்கே வந்து துணைநிற்கும் பயிற்சியாளர் வைக்க வசதி இருக்கிறதா? இருந்தால் நல்லது. கிராஃப்ட், பிளேசர், ஹோகன் மூவரும் 2018இல் இத்தகைய 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கற்பித்தலில் 0.49 திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு), மாணவர் தேர்ச்சியில் 0.18 திட்ட விலக்கம் அளவுக்கு உயர்வு. இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கவனியுங்கள்: கற்பித்தல் கணிசமாக மாறினாலும் மதிப்பெண் கொஞ்சமாகத்தான் நகரும். முதல் பருவத்திலேயே தேர்ச்சி விழுக்காடு ஏறவில்லை என்று திட்டத்தைத் தூக்கியெறிபவர்களுக்கு இது தெரிய வேண்டும். அதே ஆய்வில் இன்னொரு செய்தி: நூற்றுக்கணக்கான ஆசிரியர்களுக்கு விரித்தபோது பலன் சுருங்கியது. எண்ணிக்கை பெருகும்போது நல்ல பயிற்சியாளர்கள் அத்தனை பேர் கிடைப்பதில்லை. பள்ளிக்குள் இதைச் செய்வதானால் இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, வாரத்துக்கு நான்கு பாடவேளையாவது குறைத்துக் கொடுத்து, அவர்களுக்கே முதலில் பின்னூட்டம் தரப் பழக்க வேண்டும். நன்றாகப் பாடம் எடுப்பவர் எல்லோரும் நன்றாகச் சொல்லித் தருபவர் அல்ல. சொல்வதை விடக் கேட்கத் தெரிந்தவரைப் பிடியுங்கள்.

மூத்த ஆசிரியர்களைப் பற்றி ஒரு புலம்பல் எப்போதும் உண்டு: ‘இருபத்தைந்து வருஷம் ஆனவர்கள் மாற மாட்டார்கள்.’ அவர்கள் பார்த்த திட்டங்களின் எண்ணிக்கையை நினைத்தால் அவர்களுடைய சந்தேகம் நியாயமானது. அமெரிக்கக் கல்வியாளர் தாமஸ் கஸ்கி 1986இலேயே சொன்ன ஒரு வரிசைமாற்றம் இங்கே கைகொடுக்கும். முதலில் மனத்தை மாற்றினால் பிறகு செயல் மாறும் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் தலைகீழ்: செய்து பார்க்கிறார், தன் பிள்ளைகளிடம் வித்தியாசம் தெரிகிறது, அப்புறம்தான் நம்புகிறார். ஆகவே முதல் கூட்டத்தில் வாதாடி ஜெயிக்க வேண்டாம். ‘உங்களுக்குப் பிடித்த ஒரு வகுப்பில், இரண்டு வாரம், நாளுக்கு இரண்டு வினா’ என்று கேளுங்கள். வேலை செய்யவில்லை என்று அவர் வந்து சொன்னால் அதையும் கூட்டத்தில் வையுங்கள். ஏன் செய்யவில்லை என்பதை அவரை விடத் துல்லியமாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

துறைவாரியான இலக்குக்கு இந்தச் சுற்று அமைப்பு அப்படியே பொருந்தாது. அதற்கு ஜப்பானியப் பள்ளிகளில் நூறு ஆண்டுக்கும் மேலாக வழக்கில் உள்ள ‘ஜுக்யோ கெங்க்யூ’, அதாவது பாட ஆய்வு, நல்ல வழி. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே ஒரு பாடவேளையைத் திட்டமிடுவார்கள். பின்னங்களைக் கூட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் என்ன சொல்வார் என்பதை விட, பிள்ளைகள் என்ன பதில் சொல்வார்கள் என்று ஊகித்து எழுதுவதில்தான் பெரும் நேரம் போக வேண்டும். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் மேலே மேலே, கீழே கீழே கூட்டி ‘ஐந்தில் இரண்டு’ என்பான் ஒருவன். அப்போது அடுத்த வினா என்ன? அரையை விட அது குறைவாயிற்றே, கூட்டினால் குறையுமா என்று கேட்கலாமா, படம் வரையச் சொல்லலாமா? பிறகு ஒருவர் நடத்துகிறார், மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து ஆசிரியரைப் பார்க்காமல், ஆளுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளின் நோட்டையும் முகத்தையும் மட்டும் பார்க்கிறார்கள். அன்றே கூடிப் பேச வேண்டும், மறுநாள் என்றால் பாதி மறந்துவிடும். திட்டமிட மூன்று மணி, பேச ஒரு மணி. பருவத்துக்கு ஒன்று போதும். இதில் நடக்கும் பெரிய பிழை, நடத்திய ஆசிரியரை விமர்சிப்பதில் இறங்குவது. பாடம் குழு முழுவதற்கும் உரியது, நடத்தியவர் வாடகை வாய் மட்டும்தான் என்பதைத் தொடக்கத்திலேயே உரக்கச் சொல்லிவிடுவது நல்லது.

ஊழியர் என்றால் ஆசிரியர் மட்டுமல்ல. ஆய்வக உதவியாளர், நூலகர், சிறப்புக் கல்வியாளர், அலுவலகப் பணியாளர், பேருந்தில் வரும் உதவியாளர் எல்லோரும் பிள்ளைகளோடு பேசுகிறவர்கள். பாதுகாப்பு, முதலுதவி, குழந்தை ஏதாவது மனம் திறந்து சொன்னால் என்ன செய்வது போன்றவற்றை அவர்கள் வேலை நேரத்திலேயே, அவர்கள் மொழியில், 20 நிமிடத் துண்டுகளாகத் தாருங்கள். ஆசிரியர்களுக்கு நடக்கும் கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார வைப்பது பயிற்சி ஆகாது. ஆண்டு நடுவில் சேருபவர்களுக்கு முதல் வாரத்திலேயே அரை மணி ஒத்திகையும் ஒரு துணை ஆசிரியரும். அவர்களுக்காக முதல் கூட்டத்தை மொத்தமாக மறுபடி நடத்த வேண்டாம்.

பலனை எப்படி அளப்பது? கஸ்கி 2000இல் ஐந்து நிலைகளாகப் பிரித்தார்: பங்கேற்றவர்களின் எண்ணம், அவர்கள் கற்றது, பள்ளி தந்த ஆதரவு, வகுப்பில் பயன்பாடு, மாணவரிடம் விளைவு. சாயங்காலக் கருத்துப் படிவம் அளப்பது முதல் நிலையை மட்டும். திட்டமிடும்போது இந்த ஐந்தையும் கடைசி நிலையில் தொடங்கி முதல் நிலை வரை தலைகீழாக எழுத வேண்டும். விடைத்தாளில் மூன்றாவது அடுக்கு எவ்வளவு குறைய வேண்டும்? அதற்கு வகுப்பில் என்ன நடக்க வேண்டும்? அது நடக்க நிர்வாகம் எதைக் கொடுக்க வேண்டும்? அதற்கு ஆசிரியர் எதைத் தெரிந்திருக்க வேண்டும்? கடைசியில்தான் பயிற்சி நாள். மூன்றாம் நிலையைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். ஒத்திகைக்கு நேரம் உண்மையிலேயே கிடைத்ததா, மாற்று ஆசிரியர் வந்தாரா என்பதை எண்ணி வைக்காவிட்டால், திட்டம் தோற்றதா, திட்டம் நடக்கவே இல்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

தொடங்கும் முன் ஓர் அளவு எடுத்து வைக்காமல் பின்னால் ஒப்பிடவும் முடியாது. ஆறு வகுப்பில் தலா 15 நிமிடம், அதே மூன்று நிரல் தாள், ஆசிரியர் பெயர் எழுதாமல். பருவ முடிவில் அதே வகுப்புகளில் மறுபடி. கூடவே அந்த 30 விடைத்தாள் வேலையை, அதே மாதிரி வினாவை வைத்து இன்னொரு முறை. ஆராய்ச்சித் தரத்துக்கு இது போதாது. ஆனால் அடுத்த சுற்றில் எதை வைக்கலாம் என்று தீர்மானிக்கப் போதும்.

இரண்டாம் ஆண்டு புது இலக்கு வரும்போது பழையதை மொத்தமாகக் கைவிடுவது வழக்கம், மூன்று விநாடி மறுபடி ஒரு விநாடியாகச் சுருங்கிவிடும். புதிய திட்டத்தின் முதல் பருவத்திலும் மூன்றாம் பருவத்திலும் பழைய இலக்குக்கு ஆளுக்கு ஒரு 15 நிமிடப் பார்வையும் ஒரு 20 நிமிட ஒத்திகையும் இப்போதே தேதி போட்டு எழுதி, அட்டவணைப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் ஜூலையில் கேட்டால் இடம் இருக்காது என்பார், ஏப்ரலில் கேட்டால் ஒதுக்கித் தருவார்.